பதினாலு மேட்ச்ல என்ன தெரியும்?

கும்மிடிப்பூண்டியில் இருந்து சாயங்காலம் கிளம்புகிற மின்சார ரயிலில் எங்கள் செட்டுக்கு என்று ஒரு பெட்டி உண்டு. சிப்காட்டில் வேலை முடித்து வருகிற நாலைந்து பேர். கவரைப்பேட்டை வரும்வரை சம்பளப் பேச்சு, பொன்னேரி வரும்வரை அரசியல், அதற்கப்புறம் ஃபுட்பால். மீஞ்சூர், எண்ணூர் தாண்டி நான் இறங்குகிற திருவொற்றியூர் வரைக்கும் அதுதான். சென்னையின் எஃப்சி மேட்ச் இருக்கிற நாளில் யாரும் நடுவில் இறங்குவதில்லை. நேராக சென்ட்ரல் போய், அங்கிருந்து நடந்தே நேரு ஸ்டேடியம்.

2015 நவம்பரில் அந்தப் பெட்டியில் நடந்த சண்டைதான் இந்தக் கட்டுரைக்கு ஆரம்பம். 10 மேட்ச் முடிந்திருந்தது. 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. மொத்தம் 10 புள்ளி. மெயின்டனன்ஸில் இருக்கும் தம்பி கத்தினான்: "மாடரஸியை முதல்ல தூக்கணும்ணே. இது டீமே இல்ல." குவாலிட்டியில் இருக்கும் அண்ணன் அதற்கு மேலே போனார்: "டீம் செத்துப்போச்சு தம்பி, சடங்குதான் பாக்கி."

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைசி 4 லீக் மேட்சும் வெற்றி. 22 புள்ளியோடு மூன்றாம் இடம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கிக் கிடந்ததால் அரையிறுதியின் நம்ம ஊர் மேட்ச் புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா ஸ்டேடியத்தில் ஃபைனல். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. அதற்கப்புறம் கோவா கோல்கீப்பரின் சேம் சைடு கோல், கடைசியாக மெண்டோசா. 3-2. கோப்பை நம்மது.

மறுநாள் ரயிலில் அதே தம்பி, அதே அண்ணன்: "மாடரஸி மாதிரி கோச் இந்தியாவுல கிடையாது!"

ஒரே மாசத்தில் செத்துப்போன டீம் சரித்திரம் படைத்த டீம் ஆகிவிட்டது. இதில் எது உண்மை? இந்தக் கேள்வியை ரொம்ப நாள் விளையாட்டாகத்தான் நினைத்தேன். சீரியஸாக உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது என் அக்கா பையன். அதை அப்புறம் சொல்கிறேன்.

சீட்டுப் போட்டு ஒரு சீசன்

2015 ஐஎஸ்எல் லீக் முடிவில் அட்டவணை இது: கோவா 25, கொல்கத்தா 23, சென்னை 22, டெல்லி 22, நார்த்ஈஸ்ட் 20, மும்பை 16, புனே 15, கேரளா 13. ஆளுக்கு 14 மேட்ச், மொத்தம் 56 மேட்ச், அதில் 12 டிரா.

இப்போது ஒரு விளையாட்டு. எட்டு டீமும் துல்லியமாகச் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச், பயிற்சி, வெளிநாட்டு பிளேயர் எதிலும் தம்பிடி வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பையில் இருந்து சீட்டு எடுக்கிறோம். பையில் 28 சீட்டு: 11-ல் முதல் டீம் ஜெயம், 11-ல் இரண்டாவது டீம் ஜெயம், 6-ல் டிரா. (56-க்கு 12 டிரா என்றால் 28-க்கு 6.) எடுத்த சீட்டை உடனே பைக்குள் போட்டுவிட வேண்டும். இப்படி 56 தடவை எடுத்தால் ஒரு சீசன் முடிந்தது.

கையால் எடுக்க வேண்டாம், கம்ப்யூட்டரை எடுக்கச் சொல்லலாம். இருபது வரி பைதான் போதும். ஓட்டிப் பார்த்தால், வெறும் சீட்டுக் குலுக்கலிலேயே முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் சராசரியாக 15 புள்ளி வித்தியாசம் வருகிறது. நிஜமான 2015 சீசனில் வித்தியாசம் 12-தான்!

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கோடில் தப்பு என்று நினைத்து, பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மேட்சில் சமபல டீமுக்குக் கிடைக்கும் சராசரிப் புள்ளி 1.39. அதைச் சுற்றி இருக்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 1.35. 14 மேட்சுக்கு சராசரி 14 மடங்கு ஆகும்: 19.5. ஆனால் ஏற்ற இறக்கம் 14 மடங்கு ஆகாது. 14-ன் வர்க்கமூலம், அதாவது 3.74 மடங்குதான்: சுமார் 5. ஆக, எந்தத் திறமை வித்தியாசமும் இல்லாமலே ஒரு டீம் 10-க்கும் 29-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம். 2015-ன் எட்டு டீமும் அந்த வேலிக்குள்ளேதான் நிற்கின்றன.

தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். எட்டு டீமும் சமம் என்று நான் சொல்லவில்லை. சமமா இல்லையா என்று 14 மேட்ச் அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன். கொசு பறக்கிற சத்தத்தை ரயில் ஓடும்போது கேட்கப் பார்க்கிற மாதிரி. கொசு இருக்கலாம், இந்த இரைச்சலில் தெரியாது.

சரி, அந்தக் கடைசி 4 வெற்றி? சமபல டீம் ஒன்று குறிப்பிட்ட 4 மேட்சையும் ஜெயிக்க வாய்ப்பு 42-ல் 1. ஆனால் லீக்கில் 8 டீம் இருக்கிறது. எட்டில் ஏதோ ஒரு டீம் கடைசி நாலையும் ஜெயிப்பது ஏறக்குறைய ஐந்து சீசனுக்கு ஒருமுறை நடக்கும். அதிசயம்தான், ஆனால் அமாவாசைக்கு அமாவாசை வருகிற அளவு இல்லாவிட்டாலும் ஆடிக்கொரு தரம் வருகிற அதிசயம்.

கியூசி அண்ணனின் சுவர்

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது இதுதான். குவாலிட்டி அண்ணனுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும். தினம் எட்டு மணி நேரம் அவர் செய்கிற வேலையே இது.

அவர் லைனில் சுவரில் ஒரு கண்ட்ரோல் சார்ட் மாட்டியிருக்கும். 1924-ல் அமெரிக்காவில் தொலைபேசிக் கருவி செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர் கொண்டுவந்த யோசனை. நடுவில் சராசரிக் கோடு, மேலேயும் கீழேயும் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் எல்லைக் கோடு. அளந்த பாகத்தின் புள்ளி எல்லைக்குள் விழுந்தால் மெஷினைத் தொடக்கூடாது. புதுசாக வருகிற ஆபரேட்டர் ஒவ்வொரு பாகமும் கொஞ்சம் ஏறினால் இறக்குவான், இறங்கினால் ஏற்றுவான். அதனாலேயே ரிஜெக்‌ஷன் கூடும். அண்ணன் அவனிடம் சொல்வது: "மெஷின் மூச்சு விடுதுப்பா. அதைப் போய் வியாதின்னு நினைக்காதே."

இதே மனுஷன் ரயிலேறியதும் இரண்டு மேட்சுக்கு ஒருமுறை கோச்சை மாற்றச் சொல்வார். ஒருநாள் பேப்பரில் சென்னையின் எஃப்சிக்கு ஒரு சார்ட் வரைந்து அவர் கையில் கொடுத்தேன். 2017-18-ல் இருந்து 2019-20 வரை 10 டீம், ஆளுக்கு 18 மேட்ச். சராசரி சுமார் 25. இரண்டு விலக்க எல்லை 14-ல் இருந்து 36. மூன்று விலக்க எல்லை 8-ல் இருந்து 42.

2017-18: சென்னை 32 புள்ளி. எல்லைக்குள். பெங்களூரு 40. இது உள் எல்லையைத் தாண்டியது, தற்செயல் என்று தள்ள முடியாது. ஆனால் 2018 மார்ச் 17 ஃபைனலில், பெங்களூரின் சொந்த மண்ணில், நாம் 3-2. மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோலை யார் மறப்பார்கள்! நானும் அன்றைக்குத் தெருவில் ஆடினேன். ஆனால் அந்த வருஷத்தின் பலமான டீம் எது என்று கேட்டால் 18 மேட்சின் பதில் பெங்களூரு. கோப்பையைத் தீர்மானித்தது ஒரு மேட்ச். லீக்கில் முதலிடம் வருகிற டீமுக்குத் தனியாக ஷீல்டு கொடுப்பது 2019-20-ல்தான் தொடங்கியது. நியாயமான ஏற்பாடு.

2018-19: அதே கோச் ஜான் கிரெகரி. சாம்பியன் டீம் கடைசி இடம். 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, 9 புள்ளி. சார்ட்டில் வெளி எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. பத்து டீமையும் கணக்கில் எடுத்தாலும், வெறும் துரதிர்ஷ்டத்தில் இப்படி ஒரு டீம் விழுவது ஏறக்குறைய ஐம்பது சீசனுக்கு ஒருமுறைதான். இங்கேதான் மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும். கோப்பை வென்ற கேப்டன் செரெனோ போய்விட்டாரே என்று தேடுவது இங்கே அர்த்தமுள்ள தேடல். இதே டீம் அந்த ஏப்ரலில் சூப்பர் கப் ஃபைனல் வரை போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாக்-அவுட் போட்டியில் சில மேட்ச் போதும், எதுவும் நடக்கும்.

கோச்சை மாற்றினால் டீம் தேறுமா?

2019-20 இன்னும் சுவாரசியம். முதல் 6 மேட்சில் 5 புள்ளி. கிரெகரி போனார், ஓவன் கொய்ல் வந்தார். அடுத்த 12 மேட்சில் 24 புள்ளி. நாலாம் இடம், அங்கிருந்து ஃபைனல் வரை. மெயின்டனன்ஸ் தம்பி வெற்றிக்களிப்பில்: "நான்தான் அப்பவே சொன்னேனே!"

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோச்சை எப்போது தூக்குவார்கள்? டீம் பள்ளத்தின் அடியில் இருக்கும்போது. அடியில் இருக்கிற எதுவும், ஒன்றும் செய்யாவிட்டாலும், சராசரியை நோக்கி மேலே வரத்தான் செய்யும். பிரான்சிஸ் கால்ட்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து இதை எழுதினார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. நம்ம ஊரில், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கும். பெயர் கயிறுக்கு.

5 புள்ளியை மட்டும் பார்த்தால் இதுவும் கயிறுதான் என்று சொல்லியிருப்பேன். சமபல டீமுக்கே 6 மேட்சில் 8 புள்ளிதான் சராசரி, 3 புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். ஆனால் கோல் கணக்கு வேறு கதை சொல்கிறது. முதல் 6 மேட்சில் 4 கோல், அதிலும் முதல் 4 மேட்சில் ஒன்றுகூட இல்லை. அடுத்த 12 மேட்சில் 28 கோல். 32 கோலை 18 மேட்சில் குருட்டாம்போக்கில் தூவினால், முதல் ஆறில் 4 அல்லது அதற்குக் குறைவாக விழ வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கம்மி. பள்ளத்தைப் பார்த்துத்தான் கோச்சையே மாற்றினார்கள் என்பதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், ஆட்டத்தில் ஏதோ நிஜமாக மாறியிருக்கிறது. தம்பி ஜெயித்தான் என்று ஒத்துக்கொண்டேன். பிளாட்பார டீ என் செலவு.

புள்ளியை விட கோல் சீக்கிரம் உண்மை பேசும், ஏனென்றால் எண்ணிக்கை அதிகம். கோலை விட கோலை நோக்கிய அடிகள் இன்னும் சீக்கிரம் பேசும். எண்ணுவதற்கு நிறைய இருக்கிற இடத்தில் இரைச்சல் குறைவு.

அக்கா பையன்

இப்போது அவன் கதை. திருவள்ளூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் படித்தான், ஃபார்வர்டு. காலேஜ் ஃபுட்பாலில் மண்டலப் போட்டி நாக்-அவுட். ஒரு வருஷப் பயிற்சிக்கு இரண்டு மூன்று மேட்ச், தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வருஷம் அவன் ஆடிய இரண்டு மேட்சிலும் கோல் இல்லை. இரண்டாவது மேட்சில் காலியான கோல் வாயில் ஒன்றைத் தவறவிட்டான். டீம் வெளியே. நண்பர்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள். மூன்றாவது வருஷம் டீம் லிஸ்டில் அவன் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான்: "மாமா, நான் உண்மையிலேயே அவ்ளோ மோசமாவா ஆடுறேன்?"

நான் அந்த ஒரு மேட்சை நேரில் பார்த்திருந்தேன். "விடுடா, இது உனக்குச் சரிப்பட்டு வராது. பிளேஸ்மென்ட்டைப் பாரு" என்றேன். அவன் பூட்ஸை அக்கா வீட்டுப் பரணில் போட்டான்.

பிற்பாடு கணக்குப் போட்டேன். இரண்டு மேட்சுக்கு ஒரு கோல் அடிக்கிற ஃபார்வர்டு, காலேஜ் அளவில் நல்ல ஃபார்வர்டு. அப்படிப்பட்டவன் அடுத்தடுத்த இரண்டு மேட்சில் கோல் இல்லாமல் போக வாய்ப்பு 37 சதவீதம். மூன்றுக்கு ஒன்றை விட அதிகம். 2019-20-ல் சென்னைக்காக 15 கோல் போட்ட வால்ஸ்கிஸ் முதல் 4 மேட்சில் ஒன்றுமே அடிக்கவில்லை. அவருக்கு ஐந்தாவது மேட்ச் கிடைத்தது. என் அக்கா பையனுக்கு மூன்றாவதே கிடைக்கவில்லை. லிஸ்ட் போட்டவர்களிடமாவது, இருக்கிற இடங்களுக்கு ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு மேட்ச் பார்த்த மாமா தீர்ப்பு சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கணக்கை அவனிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதை அப்பவே போட்டிருக்கலாமே மாமா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரயில் சண்டை இன்னும் நடக்கிறது, நிற்கவும் வேண்டாம். சண்டை இல்லாமல் ஃபுட்பால் என்ன ஃபுட்பால். ஆனால் எங்கள் பெட்டியில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது "இவன் அவ்ளோதான்" என்று ஆரம்பித்தால் குவாலிட்டி அண்ணன் கேட்பார்: "எத்தனை மேட்ச் பார்த்துட்டுச் சொல்றே?"