சுவரில் ஏறும் உண்ணி

நாயின் காது மடலைப் புரட்டிப் பார்த்தால் சிறிய ஆமணக்கு விதைபோலச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி. பக்கத்திலேயே எள்ளளவில் தட்டையாக, செம்பழுப்பாக இருப்பது ஆண். நம் ஊர் வெயிலில் செழித்து வளரும் இந்தப் பழுப்பு நாய் உண்ணி, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு 6 கால்கள். நாயின் மேல் ஏறிச் சில நாட்கள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். தோலுரித்து 8 கால்களோடு மறுபடி ஏறும், குடிக்கும், விழும். மூன்றாம் முறை ஏறுவது முழு வளர்ச்சி பெற்ற உண்ணி. விழுந்த உண்ணி தரையிலேயே கிடக்காது. சுவர்மேல் ஏறிப்போய் விரிசலிலோ, கதவு நிலையிலோ, கூண்டின் மரச்சட்டத்திலோ பதுங்கிக்கொள்ளும். பெண் உண்ணி அங்கே 4,000 முட்டைகள் வரைகூட இட்டுவிட்டுச் செத்துப்போகும். வளர்ந்த உண்ணியால் உணவே இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்க முடியும்.

எனவே நாயின் உடலில் காண்பது கொஞ்சம். சுவரில் ஒளிந்திருப்பதே அதிகம். நாயை மட்டும் குளிப்பாட்டி முடித்தவர்கள் இரண்டு வாரத்தில் மறுபடி அலுத்துக்கொள்வது இதனால்தான். விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைக்க வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும். பூச்சிமருந்து தெளித்தால் தரையும் சுவரும் காயும்வரை நாயை உள்ளே விடக் கூடாது. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஒரு முறை தெளிப்பது போதாது.

ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும், ஊதுவத்தியால் சுடுவதும் நாய்க்குத்தான் புண். விரலால் நசுக்கவும் கூடாது.

ரத்தம் குறைவதைவிடப் பெரிய ஆபத்து, உண்ணி கொண்டுவரும் கிருமிகள். எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். காய்ச்சல், சோறு இறங்காமை, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். பபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களையே உடைக்கும். ஈறு வெளுத்துப்போகும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை, மருந்தும் வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாட்கள் தர வேண்டும். ஒரே வாரத்தில் நாய் வாலாட்டத் தொடங்கிவிட்டதென்று நிறுத்துபவர்களே அதிகம். நோய் உள்ளேயே தங்கிப் பின்னாளில் எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம்.

தடுப்பு மருந்துகள் பலவகை. பிடரியில் விடும் சொட்டு மருந்து ஒன்று. மென்று தின்னும் மாத்திரை இன்னொன்று. மாத்திரை வகையைப் பொறுத்து ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை காக்கும். வலிப்பு வந்த நாய்க்கு இந்த மாத்திரை தருமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து நாய்க்கு நல்லது, பூனைக்கு நஞ்சு. இரண்டையும் வளர்க்கும் வீட்டில் இதை மறந்துவிடக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியில் மிச்சத்தை நாய்க்குக் குத்துவது பொல்லாத சிக்கனம். கோலி போன்ற சில இனங்களில் அது மூளைவரை போய்விடும். கைவைத்தியமாகப் பூண்டு கொடுப்பதும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

தெள்ளுப்பூச்சி வேறு வழியில் தொல்லை தரும். அரிப்பில் கடித்துக்கொள்ளும் நாய் தெள்ளை விழுங்கும்போது அதற்குள் இருக்கும் நாடாப்புழுவும் குடலுக்குப் போய்விடும். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல ஒட்டியிருப்பவை அந்தப் புழுவின் துண்டுகள். பிராசிகுவான்டெல் மாத்திரை புழுவைக் கொல்லும்; தெள்ளு ஒழியாவிட்டால் புழு திரும்ப வரும்.

உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே புழு நீக்க மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடரச் சொல்கிறார்கள். கொக்கிப்புழு ரத்தம் குடிப்பதால் குட்டி வெளுத்துத் துவண்டு, கறுத்த மலம் போகும். அந்த நிலையில் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது. வளர்ந்த நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து தருவது பொதுவான வழக்கம். அளவை நாயின் எடை பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த இரண்டு புழுக்களும் மனிதரையும் விடுவதில்லை. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, வளைந்து வளைந்து ஓடும் சிவந்த தடிப்பை உண்டாக்கும். மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தைக்கு உருண்டைப்புழு முட்டை போய்ச்சேரலாம். அதன் குஞ்சு கண்ணைக்கூடப் பாதிக்கலாம். புதிதாக வெளிவந்த உருண்டைப்புழு முட்டை உடனே தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்தால்தான் அதற்கு அந்த வீரியம் வரும். கொக்கிப்புழுவுக்கோ சில நாட்களே போதும். நாயின் கழிவை அன்றன்றே அள்ளிவிட்டால் இரண்டுக்கும் அந்த அவகாசம் கிடைக்காது.