சித்திரப் படத்திற் கண்ட உணவும் எமது தோட்டத்து மரக்கறியும்

பாடசாலை விடுமுறைக் காலத்திலே பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பவற்றுள் சித்திரப் படங்கள் முதன்மையானவை. படத்திலே வரும் பிள்ளை எதை உண்கின்றதோ அதையே தாமும் உண்ணவேண்டுமென அவர்கள் கேட்பது இயல்பு. அதற்காகக் கடைப் பண்டங்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. புகழ்பெற்ற படங்கள் சிலவற்றிற் காட்டப்படும் உணவுகள், நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் வீட்டில் எளிதிற் செய்யக்கூடியனவே. அவற்றுள் நான்கினைச் செய்யும் முறையும், அதற்கு முன் தோட்டத்திலே கவனிக்கவேண்டியனவும் இங்கே கூறப்படுகின்றன.

1. குளிர்ந்த வெள்ளரிக்காய்

யப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எனது அயலவன் டோட்டோரோ' என்னும் படத்தின் கதை, 1950களில் யப்பானியக் கிராமமொன்றிலே நிகழ்வது. தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்க, தந்தையுடன் கிராமத்துக்கு வந்த சகோதரிகள் இருவர், அயல்வீட்டு மூதாட்டியின் தோட்டத்திலே காய் பறிக்கின்றனர். நீரிற் குளிரவைத்த வெள்ளரிக்காயைக் கடித்து உண்கின்றனர். இளையவள், உண்டால் தாயின் நோய் நீங்கும் என நம்பி, ஒரு சோளப்பொத்தியை அணைத்துக்கொண்டு தன்னந்தனியே மருத்துவமனையை நோக்கி நடக்கின்றாள்.

இப்படத்தைப் பார்த்த சிறுமி ஒருத்தியை, ஒரு சிறுபோகத்தின்போது அவளுடைய தந்தையின் தோட்டத்திலே கண்டேன். பந்தலிலே தொங்கிய பிஞ்சைத் தொட்டு, "அப்பா, படத்திலே போல இதைப் பிடுங்கிச் சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, முந்தநாள்தான் மருந்தடித்தது" என்றார் தந்தை. சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் என்னைப் பார்த்து, "ஐயா, இதை நாளைக்குச் சந்தைக்கு அனுப்ப இருந்தேன்" என்றார்.

அவர் அனுப்பவில்லை. குறித்த நாட்கள் கழியுமுன் காய்கள் முற்றிவிட்டன. அவருக்கு நட்டமே ஏற்பட்டது. அடுத்த போகத்திலே அவர் தமது முறையை மாற்றிக்கொண்டார். அம்முறை யாவரும் கைக்கொள்ளத்தக்கது:

(அ) பீடைநாசினிப் போத்தலின் சுட்டுத்துண்டிலே, மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாட்கள் செல்லவேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதனை வாசித்த பின்னரே மருந்தை வாங்குக.

(ஆ) பறிக்கத்தக்க காய்கள் யாவற்றையும் முதலிற் பறித்துவிட்டு, அதன் பின்னரே மருந்தடிக்குக.

(இ) மருந்தடித்த நாளையும் பறிக்கத்தக்க நாளையும் ஒரு பலகையில் எழுதி வேலியிலே கட்டுக. எழுத்தறிந்த பிள்ளையே உமக்குக் காவலாயிருக்கும்.

(ஈ) வீட்டுத் தேவைக்கென ஒரு பாத்தியைப் புறம்பாக்கி, அதற்கு மருந்தடியாது, புழுக்களைக் கையாற் பொறுக்கி, பிஞ்சுகளுக்குக் கடதாசி உறையிட்டுக் காப்பாற்றுக. பக்கத்துப் பாத்தி மருந்து காற்றிலே வந்து படாதவாறு இடைவெளி விடுக.

கழுவினால் மருந்து போய்விடும் என்று எண்ணுவது தவறு. செடியினுள்ளே ஊடுருவும் மருந்துகள் கழுவுவதாற் போகா.

உரிய நாளிலே பறித்த காயை நன்றாகக் கழுவி, கொதித்தாறிய நீர் நிறைந்த மண்பானையில் ஒரு மணி நேரம் இட்டு, உப்பும் சிறிது மிளகுதூளும் தொட்டு உண்ணலாம். வாய்க்கால் நீரிலே குளிரவைத்தல் ஆகாது. வயல் நீரிலே எலிக்காய்ச்சற் கிருமிகளும் விவசாய மருந்துகளும் கலந்திருக்கக்கூடும்.

2. சோற்றுருண்டை

மியாசாக்கியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) என்னும் படத்திலே, பெற்றோரைப் பிரிந்து அஞ்சி நிற்கும் சிறுமிக்கு ஒரு சிறுவன் சோற்றுருண்டை கொடுக்கின்றான். அவள் உண்டுகொண்டே கண்ணீர் விடுகின்றாள். யப்பானியர் இதனை 'ஒனிகிரி' என்பர். அவர்களுடைய அரிசி குட்டையானது. அமைலோஸ் என்னும் மாப்பொருள் குறைந்தமையால் ஒட்டுந்தன்மை உடையது. எமது புழுங்கலரிசிச் சோறு உதிர்ந்துவிடும். ஆகவே பச்சையரிசியையே கொள்க.

1 சுண்டு பச்சையரிசியை, வழக்கத்திலும் சற்றுக் கூடிய நீர் விட்டுக் குழைய வேகவைக்குக. கைபொறுக்கும் சூட்டிலே, நன்கு கழுவிய ஈரக்கையில் உப்பைத் தடவி, ஒரு பிடி சோற்றின் நடுவே ஊறுகாய்த் துண்டையோ பொரித்த நெத்தலியையோ வைத்து இறுகப் பிடிக்குக. யப்பானியர் கடற்பாசித் தாளாற் சுற்றுவர். எமக்கு வாட்டிய வாழையிலை போதும். இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுக. ஆறிக் கிடக்கும் சோற்றிலே நச்சுக் கிருமிகள் பெருகும். மீண்டும் சூடாக்குவதால் அந்நஞ்சு அழியாது.

3. கத்தரிக்காய் அடுக்கு

2007இல் அமெரிக்காவிலே வெளியான 'ரட்டாட்டூயி' என்னும் படம், பாரிசு நகரத்து உணவுச்சாலையிற் சமைக்கும் ஓர் எலியின் கதை. கடுமையான உணவு விமரிசகர் ஒருவர், அவ்வெலி சமைத்த மரக்கறி உணவின் முதற் கவளத்திலேயே, சிறுவயதில் தாய் ஊட்டிய உணவை நினைந்து உருகுகின்றார். அவ்வுணவு பிரான்சின் தென்பகுதிக் குடியானவர் உணவாகும்.

கத்தரிக்காய் 2, தக்காளிப்பழம் 4, கறிமிளகாய் 3, இளம் பூசணிக்காய்த் துண்டு 1, வெங்காயம் 1, உள்ளி 4 பல்லு ஆகியவற்றைக் கொள்க. வெங்காயம், உள்ளி, கறிமிளகாய், 2 தக்காளிப்பழம் ஆகியவற்றை நறுக்கி, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, உப்பிட்டுத் தாச்சியின் அடியிலே பரப்புக. எஞ்சியவற்றை மெல்லிய வட்டங்களாக வெட்டி, நிறம் மாறிமாறி வருமாறு அதன்மேல் அடுக்குக. மூடி, இளந்தணலில் முக்கால் மணி நேரம் வேகவிடுக. வட்டமாக அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுக. தாம் அடுக்கியதை அவர்கள் மறுக்காது உண்பர். கத்தரியிலே தண்டு, காய் துளைக்கும் புழுவுக்காக அடிக்கடி மருந்தடிக்கப்படுவதால், மேற்கூறிய நாட்கணக்கு இதற்கு மிகவும் வேண்டியதாகும்.

4. தேன் கலந்த பால்

'பொன்யோ' (2008) என்னும் படத்திலே, புயல் இரவில் நனைந்து வந்த பிள்ளைகளுக்குத் தாய் சூடான பாலிலே தேன் கலந்து கொடுக்கின்றாள். ஒரு கோப்பைப் பாலைக் கொதிக்கவைத்து, குடிக்கத்தக்க சூட்டுக்கு ஆறியபின், 1 தேக்கரண்டி தேனைக் கலக்குக. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சிறிதும் கொடுத்தலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்துக்கள், குழந்தையின் குடலிலே வளர்ந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

அச்சிறுமி அடுத்த போகத்திலே, புறம்பாக்கிய பாத்தியில் முதற்காயைப் பிடுங்கி, தந்தையின் முன்னிலையிலே கழுவி உண்டாள். உமது பிள்ளையும் கேட்குமுன், வரும் போகத்திலே அத்தகைய ஒரு பாத்தியை அமைப்பீராக. விதையும் ஆலோசனையும் வேண்டுவோர் தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.