வண்டி நேரே, ஸ்டியரிங் கோணலா?



‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம்மைப் பார்த்துச் சொல்லாத ஆள் கிடையாது. என்னைப் போல வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்கு இது தினசரி அர்ச்சனை! கறிக்கு உதவும் சுரைக்காய் ஒன்றை இங்கே சொல்கிறேன்.

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளா போகும் பிக்கப் வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். 2005-ல் டாடா ஏஸ் வந்தபின் ‘குட்டி யானை’ இல்லாத தெருவே இல்லை. இந்த டிரைவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: “வண்டி நேராத்தான் போகுது, ஸ்டியரிங் மட்டும் கோணலா நிக்குது.”

இழுப்பது வேறு, கோணல் வேறு

முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். ஸ்டியரிங்கை லேசாக விட்டதும் வண்டி ஒரு பக்கம் ஓடினால் அது இழுப்பு. காற்று குறைவு, பிரேக் பிடித்துக்கொள்வது, டயர் கோளாறு என்று பார்க்க வேண்டும். வண்டி நேரே போய், ஸ்டியரிங் மட்டும் சாய்ந்து நின்றால்தான் நம் விஷயம். நம் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக ஓரம் சரிவாக இருக்கும். இடது ஓரமாக ஓட்டினால் நல்ல வண்டியிலும் கொஞ்சம் வலது பக்கம் பிடிக்க வேண்டி வரும். ஆகவே சமதளமான ரோட்டில்தான் சோதிக்க வேண்டும்.

கழற்றி மாட்டினால் போதாதா?

என் அப்பா ஓட்டும் பிக்கப்புக்கு ஒரு பட்டறையில் டிராக் லிங்க் எண்ட் புதுசு போட்டார்கள். அதன்பின் ஸ்டியரிங் சாய்ந்துவிட்டது. “வீலைக் கழற்றி நேரா மாட்டிட்டா சரியாப் போச்சு” என்றார்கள். “நீ என்னல சொல்லுத?” என்று அப்பா என்னிடம் கேட்டார். படிப்பு விஷயத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

வேண்டாம் என்றேன். ஏன்? ஸ்டியரிங் பெட்டிக்குள் நடு நிலையில்தான் பற்கள் இறுக்கமாகக் கடிக்கும். நடுவை விட்டு விலகினால் ஆட்டம் கூடும். பெட்டி நடுவில் இல்லாமல் வண்டி நேரே போனால், ஒரு பக்கம் திருப்ப சுற்று குறைந்துவிடும். சந்தைக்குள் திருப்பும்போது இது தெரியாது. புளியரை எஸ் வளைவில் லோடோடு ஒடிக்கும்போது, பாதியில் சுற்று தீர்ந்தால் என்ன ஆகும்? இண்டிகேட்டர் தானாக அணைவதும் தப்பும். ஏர்பேக் உள்ள புது வண்டிகளில் வீலைத் தொடுவதே ஆபத்து.

கண்டுபிடிக்கும் முறை

1. டை ராட் எண்ட், புஷ் ஆட்டம், வளைந்த ராட் உண்டா என்று பாருங்கள்.

2. இரு பக்கமும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை டேப் பிடியுங்கள். அளவு வித்தியாசப்பட்டால் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிந்து, ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம். லோடு வண்டிகளில் இதை மறக்கக் கூடாது.

3. முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். 4 சுற்று என்றால் 2-ஆவது சுற்றில் நடு. அங்கே வீல் நேராக நின்றால் கோளாறு ராடில். அங்கேயே கோணலாக நின்றால், யாரோ முன்னமே கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்போது மட்டுமே வீலைக் கழற்றலாம்.

அப்பா வண்டியில் நடுவில் வீல் நேராகவே நின்றது. ஆகவே டிராக் லிங்க் நீளம்தான் தப்பு.

கணக்கு

பெட்டியின் விகிதம் 20:1, டிராப் ஆர்ம் நீளம் 150 மி.மீ., மரைப் புரி 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லிங்க் 1.5 மி.மீ. நீண்டால் ஆர்ம் சுமார் 0.57 டிகிரி திரும்பும். 20-ஆல் பெருக்கினால் ஸ்டியரிங்கில் சுமார் 11.5 டிகிரி. 23 டிகிரி கோணலுக்கு 2 சுற்று! இரு முனையிலும் எதிரெதிர் மரை இருந்தால் 1 சுற்றே போதும். அவரவர் வண்டியின் அளவைப் போட்டுக் கணக்கிடுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அரைச் சுற்று கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரு சக்கரங்களையும் இணைப்பது டை ராட். அதைத் தொடாததால் டோ-இன் மாறாது. இடது, வலது என்று தனித்தனி டை ராட் உள்ள வண்டியில், ஒன்றை எவ்வளவு நீட்டுகிறோமோ மற்றதை அவ்வளவு குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் டோ கெட்டு டயர் தேயும்.

மறக்கக் கூடாதவை

வேலை சமதளத்தில் நடக்கட்டும். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். மரை போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்குங்கள். கழற்றிய இடத்தில் காட்டர் பின் புதிதாகப் போடுங்கள். எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டியில் சென்சாரைச் சரிபார்க்க வேண்டும். கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

அப்பா மறுநாள் புனலூர் போய்த் திரும்பினார். “இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணு போல ஒடியுது” என்றார்.

நண்பர்களே, விடுமுறையில் உங்கள் ஊர் ஸ்டாண்டில் கோணல் ஸ்டியரிங் வண்டி ஒன்றாவது நிற்கும். ஸ்பானரைத் தொடும் முன் டேப்பையும் பேனாவையும் எடுங்கள். அந்த டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றை எண்ணுங்கள். ஒரு டிரைவருக்கு நாம் கணக்கோடு காரணம் சொல்லிவிட்டால், அடுத்த தடவை அவரை யாரும் ஏமாற்ற முடியாது.