மீன் கெடும் வேகத்தை அளத்தல்

கொச்சியில் மட்டாஞ்சேரிக் கரைக்கு எதிரே, நீர்வழிக்கு அப்பால் வில்லிங்டன் தீவு அமைந்துள்ளது. 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இத்தீவில் இயங்கி வருகிறது. பிடித்த மீனைக் கெடாது காக்கும் முறைகளை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்றாகும். மீன் கெட்டுவிட்டது என்பதை மூக்கே உணர்த்திவிடும். எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பதை அறியவோ அளவை வேண்டும்.

இரசாயன மாறுதலின் வேகத்தை அளக்க இருவழிகள் உண்டு. கலவையைத் தொடாமலே அதன் ஒரு குணத்தைக் கவனித்து வருவது முதல் வழி. 1850இல் ஜெர்மானிய விஞ்ஞானி வில்ஹெல்மி, அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலின் மாறுதலை ஒளியின் துணைகொண்டு இவ்வாறே அளந்தார். குறித்த நேரங்களில் சிறு பகுதியை எடுத்து, மாறுதலை அக்கணமே நிறுத்திச் சோதிப்பது மற்றொரு வழி. மீனுக்கு ஏற்றது இதுவே.

மீன் இறந்தபின் தசையிலுள்ள அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள் படிப்படியாகச் சிதைந்து, முடிவில் இனோசின், ஹைப்போஸாந்தீன் ஆகியவையாக மாறுகிறது. எடுத்த தசைத் துண்டைக் குளிர்ந்த பெர்குளோரிக் அமிலத்தில் அரைத்தால் என்ஸைம்களின் செயல் நின்றுவிடும். பின்னர் எஞ்சிய அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் சிதைவுப் பொருள்களையும் பிரித்து அளக்கலாம். அவற்றின் மொத்தத்தில் மேற்கூறிய இரண்டும் எத்தனை சதவீதம் என்பதே ‘கே’ மதிப்பு. சைட்டோ முதலிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1959இல் இதனை வெளியிட்டனர். பச்சையாக உண்ணும் மீனில் இம்மதிப்பு 20 சதவீதத்துக்குள் இருத்தல் நலம் என்பது அங்குள்ள கருத்து. மணிக்கணக்கையும் இம்மதிப்பையும் வரைபடத்தில் குறித்தால், கோட்டின் சாய்வு வேகத்தைக் காட்டும்.

வெப்பம் ஏற ஏற அச்சாய்வு செங்குத்தாகிறது. பொதுவாகக் குளிர்கடல் மீன்கள் 10 டிகிரி சென்டிகிரேடில், பனிக்கட்டியின் 0 டிகிரியைவிடச் சுமார் நான்கு மடங்கு விரைவில் கெடுகின்றன. வெப்பக் கடல் மீன்களுக்கு இவ்விகிதம் அப்படியே பொருந்தாது. ஆகவே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

பனிக்கட்டி மாறுதலைத் தாமதப்படுத்துமேயன்றி, நேர்ந்துவிட்ட மாறுதலைத் திருப்பாது. படகில் வெயிலில் கழிந்த ஒரு மணி நேரத்தைக் கரையில் கொட்டும் பனிக்கட்டி ஈடுசெய்யாது. மீனவருக்குக் கிடைக்கும் விலையும் உண்பவரின் நலமும் அந்த ஒரு மணியைச் சார்ந்துள்ளன. எனவே களப்பணியாளர் மாதிரியை அனுப்பும்பொழுது, மீன் பிடித்த நேரம், பனிக்கட்டி இட்ட நேரம், மீனின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் தவறாது குறித்தல் வேண்டும். இவை இல்லாவிடில், சோதனைச்சாலை தரும் எண் மீன் எந்நிலையில் உள்ளது என்பதைச் சொல்லும். எத்தனை வேகத்தில் அந்நிலையை அடைந்தது என்பதைச் சொல்லாது.