யார் இறங்கியது?

மும்பை ஹார்பர் லைன் ரயிலில் திலக் நகர் ஸ்டேஷனில் இறங்குகிறோம். தமிழில் 'இறங்கினேன்', 'இறங்கினாள்' என்றாலே போதும். ஆள் யார் என்று விகுதியே காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'காட் ஆஃப்' யாருக்கும் மாறாது. ஆகவே 'ஐ', 'ஷி', 'தே' என்று முன்னால் சொல்லியே தீர வேண்டும். இறந்தகாலத்தில் ஆளுக்கேற்ப மாறுவது 'வாஸ்', 'வேர்' மட்டும்தான். இடம் சொல்லும் வரிசையும் வேறு. நம் 'இல்' ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'அட்' முன்னால் நிற்கும்: 'ஷி காட் ஆஃப் அட் திலக் நகர்'.

நம் நாக்கு தடுமாறும் இடம் அடுத்தது. ஸ்டேஷனிலிருந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டால், 'ஐ பிக்டு ஹெர் அப்' என்பதே சரி. 'பிக்டு அப் ஹெர்' பிழை. 'ஹெர்' என்பதற்குப் பதிலாக மீனா என்று பெயரையே சொன்னால், இரண்டு விதமும் செல்லும்.