ஒரு மார்பகப் பால் போதுமா?

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் பிறகு பிள்ளை பெற்றால் தாய்ப்பால் கொடுக்கலாமா? பால் சுரந்தால் நோய் திரும்பிவிடும் என்ற பயம் பலரிடம் உண்டு. 2024இல் பார்சிலோனாவில் நடந்த புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வு அதைப் பெரிதும் தணித்திருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையை இடையில் நிறுத்திப் பிள்ளை பெற்ற 317 பேரில் 196 பேர் தாய்ப்பால் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது கொடுத்தவர்களில் 3.6 விழுக்காடு, கொடுக்காதவர்களில் 3.1. பெரிய வித்தியாசமில்லை.

சிகிச்சையின்போது நிலைமை வேறு. கீமோ மருந்துகள் பாலில் கலந்து பச்சிளம் குழந்தையின் உடலுக்குப் போய்விடும் என்பதால் அப்போது கொடுக்கவே கூடாது. டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மருந்து பால் சுரப்பையே குறைக்கும். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 7 மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு பாலில் தங்குவதில்லை. ஆனால் சுரப்பித் திசு சுருங்கி இறுகுவதால் கதிர்வீச்சு பெற்ற பக்கம் பால் குறையும், சிலருக்குச் சுரக்காமலும் போகும்.

மற்ற மார்பகம் மட்டும் போதுமா? பலருக்குப் போதும். பாலை உண்டாக்கும் புரோலாக்டின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வழியே வருகிறது. எவ்வளவு சுரப்பது என்பதையோ ஒவ்வொரு மார்பகமும் தனித்தனியே தீர்மானிக்கிறது: பால் தேங்கினால் சுரப்பு குறையும், அடிக்கடி வெளியேறினால் கூடும். இரட்டையருக்குப் பாலூட்டும் தாய்மாரிடம் ஒரு மார்பகம் ஒரு குழந்தைக்குப் போதிய பாலைத் தருவதும் இப்படித்தான்.

கருத்தரிக்கத் திட்டமிடும்போதே புற்றுநோய் மருத்துவரிடம் இதையும் கேளுங்கள். மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். போதிய பால் வராவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம்.