பேட்டரி இல்லாத பேஸ்மேக்கர் எப்போது வரும்?

பேஸ்மேக்கர் பரிசோதனைக்கு வருவோரின் குடும்பத்தார் சிலர் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "டாக்டர், இதயத் துடிப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடு ஒன்று வந்துவிட்டதாமே! அதுவரை அப்பாவுக்கு பேட்டரி மாற்றுவதைத் தள்ளிப் போடலாமா?" கேள்வி நியாயமானதே. எழுபது வயதைக் கடந்தவருக்கு மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை என்றால் எந்தக் குடும்பமும் தயங்கவே செய்யும்.

1958-இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் உலகின் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அது சில மணி நேரமே இயங்கியது. 2001-இல் தம் 86-ஆம் வயதில் அவர் மறைவதற்குள் 26 கருவிகளைக் கண்டுவிட்டார். அறுவை செய்த மருத்துவரும் கருவியை வடிவமைத்த பொறியாளரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர். பேட்டரி தீராத கருவி வேண்டும் என்ற ஆசை அன்றே தொடங்கியது.

இன்றைய நம்பிக்கைக்குக் காரணம் அணு அளவே தடிமனுள்ள படலங்கள். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் கிராஃபைட்டின் மீது ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டி உரித்தே ஓரணு தடிமனுள்ள கிராஃபீன் படலத்தைப் பிரித்தெடுத்தனர். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய மற்றொரு படலம் மாலிப்டினம் டைசல்பைடு. அதை வளைத்து நீட்டினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்து காட்டினர். ஒன்று, மூன்று என ஒற்றைப்படை அடுக்குகளில் மட்டுமே இது நிகழ்கிறது. இரட்டைப்படையானால் ஓர் அடுக்கின் விளைவை மறு அடுக்கு அழித்துவிடுகிறது.

எவ்வளவு மின்சாரம் என்பதே நோயாளிக்கு முக்கியம். ஓரடுக்குப் படலம் தந்த உச்ச அளவு 15 மில்லிவோல்ட், 20 பிகோ ஆம்பியர். இரண்டையும் அப்படியே பெருக்கினாலும், பேஸ்மேக்கருக்குத் தேவையான சுமார் 10 மைக்ரோவாட் திறனை எட்ட அதைப் போல் மூன்று கோடி மடங்கு வேண்டும். 2019-இல் சீனாவில் ஒரு பன்றியின் இதய அசைவைக் கொண்டே பேஸ்மேக்கரை இயக்கியது உண்மைதான். ஆனால் அதில் மின்சாரம் தந்தது உராய்வு மின்சாரத்தைப் பயன்படுத்தும் வேறு வகைக் கருவி. அதுவும் விலங்குச் சோதனையே.

ஒளியை உணரும் கருவிகளில் நிலைமை இவ்வளவு தொலைவில் இல்லை. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் மின்சாரத்தைப் பெருமளவு விழுங்குவன அதன் சிறு விளக்குகளே. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2019-இல் வளையக்கூடிய கிராஃபீன் உணரி ஒன்றை அமைத்தனர். கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சும். ஆகவே ஒளியைப் பிடிக்க மேலே ஈய சல்பைடு நுண்துகள்களைப் பூசினர். துகள் ஒளியைப் பிடிக்க, கிராஃபீன் அதை மின்குறிப்பாகப் பெருக்குகிறது. சொந்த விளக்கு இல்லாமல், சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கொண்டே அது நாடித்துடிப்பை அளந்தது. தோலில் ஒட்டும் இன்னொரு பட்டை, கைபேசியிலிருந்து கம்பியின்றி மின்சாரம் பெற்றுப் புறஊதாக் கதிரை அளந்தது. ஈயம் கலந்த பொருளைத் தோலின் மேல் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் கேட்காமல் விடமாட்டோம். ஆயினும் படுக்கையில் இருப்பவரின் விரலை இறுக்காத, கம்பி தொங்காத உணரிகள் இவ்வழியில் வரக்கூடும் என்று கருதுகிறோம்.

இனி அப்பாவின் பேட்டரிக்கு வருவோம். பேட்டரி கருவியின் உள்ளேயே மூடி அடைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிறு பெட்டியையே மாற்றுகிறோம். இதயத்துக்குச் செல்லும் கம்பிகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே இது பெரும்பாலும் முதல் அறுவையைவிட எளியது. தொற்று ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதையும் மறைக்க மாட்டோம். மாற்ற வேண்டிய தருணத்தைக் கருவியே அறிவிக்கும். அதன் பிறகு பொதுவாக ஏறத்தாழ மூன்று மாத அவகாசமே உண்டு. முழுக்க முழுக்கக் கருவியை நம்பித் துடிக்கும் இதயமானால் அந்த அவகாசத்தையும் நாங்கள் முழுதாகப் பயன்படுத்த விரும்புவதில்லை. அடுத்த முறை வரும்போது பேஸ்மேக்கர் அட்டையை எடுத்து வாருங்கள். இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதைக் கருவியில் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே தேதியைக் குறிப்போம்.